தொழுநோயாளர் தடாகத்தில் பெண் பார்த்தல்

நான் அக்ஸ்-லே-தெர்மில் இருந்தது சரியாக ஐந்து மணித்தியாலம். துலூஸிலிருந்து வந்த ரயிலுக்கும் துலூஸுக்குத் திரும்பிப் போன ரயிலுக்கும் இடைப்பட்ட நேரம் அது. அந்த ஐந்து மணித்தியாலத்தைப் பற்றி மொன்றியலில் பதினொரு நாட்களாகக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். போய் வந்த நான்தான் குறைவாகக் கதைத்திருக்கிறேன்.

பிரான்சின் தெற்கே, பிரனீஸ் மலைகளுக்குள் இருக்கிற பழைய ஊர் அது. நிலத்துக்குள்ளிருந்து கந்தகத் தண்ணீர் கொதித்துக்கொண்டு வருகிறது. மூட்டு வருத்தக்காரருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மூன்று கிழமை தங்கிக் குளிக்கலாம். செலவில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்கும். துலூஸில் இருக்கும் கிளி ஆன்ரி வருடா வருடம் போகிறவர். அவருடைய மகன் கிருஷாந்தனுக்கு முப்பது வயது, கலியாணம் ஆகவில்லை. எனக்கு இருபத்தேழு, எனக்கும் ஆகவில்லை. இந்த இரண்டு தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அம்மாவின் அண்ணன், அருளம்பலம் மாமா.

நானும் அம்மாவும் பாரிசில் ஒரு கலியாண வீட்டுக்குப் போவது, போன கையோடு மலை பார்க்கப் போவது, மலையில் தற்செயலாகக் கிளி ஆன்ரியைச் சந்திப்பது என்று மாமா திட்டம் போட்டார். சரிவராவிட்டால் மொன்றியலில் ஒருவருக்கும் தெரியவராது என்றார். புறப்படுவதற்கு முதல் நாள், செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் டெப்பனர் என்கிற சில்லறைக் கடையின்காரர் பாலைப் பையில் போட்டபடி, "பிள்ளை, மாப்பிள்ளை துலூஸோ?" என்று கேட்டார்.

சந்திப்பு நடந்தது ஊரின் நடுச் சதுக்கத்தில் உள்ள ஒரு கல் தடாகத்தில். யாரும் விளிம்பில் இருந்து சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொள்ளலாம். காசில்லை. ஆயிரத்து இருநூற்று அறுபதாம் ஆண்டு தொழுநோயாளருக்காகக் கட்டப்பட்டது என்று பலகையில் எழுதியிருந்தது. அதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

பெண் பார்க்கும்போது தலையைக் குனிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. பஸ்ஸிலும் நான் அப்படித்தான். நாங்கள் நால்வரும் வரிசையாக இருந்தபோது, நான் குனிந்து பார்த்த இடத்தில் கிருஷாந்தனின் பாதங்கள் தண்ணீருக்குள் இருந்தன. வெகுநேரம்வரை எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது, இரண்டாவது கால்விரல் பெருவிரலைவிட நீளம் என்பது மட்டும்தான்.

அம்மா காலைத் தண்ணீருக்குள் வைக்கப் போனபோது அவருடைய வெள்ளி மெட்டியைக் கண்டேன். நான் இரசாயனவியல் படித்தவள். செயின்ட்-லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கந்தகத் தண்ணீரில் வெள்ளி கறுக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்பதும் தெரியும். வசனத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் கிருஷாந்தன் சொல்லிவிட்டார்.

"ஆன்ரி, மெட்டியைக் கழட்டிப்போட்டு வையுங்கோ. கறுத்துப்போம்."

"ஐயோ தம்பி, இவர் இருக்கேக்கை எப்பிடிக் கழட்டுறது?"

"இவர்" என்றது அப்பாவை. அவர் அந்த நேரம் மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறியுடன் வரிசையில் நின்றிருப்பார்.

கிருஷாந்தன் கொஞ்சம் யோசித்தார். தாயின் ஈரத்துவாய்கள் சுற்றியிருந்த இரண்டு பிளாஸ்டிக் பைகளை எடுத்து, அம்மாவின் பாதங்களில் உறைபோல மாட்டினார். ஒன்றை றப்பர் பாண்டால் இறுக்கினார். மற்றதற்கு ஒன்றும் அகப்படாமல் என் பக்கம் திரும்பினார்.

"உங்கட ஹெயார் பாண்டைத் தருவீங்களோ?"

பார்க்க வந்த மாப்பிள்ளை என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் "ஓம்" என்றேன். தலைமுடி முழுக்க முகத்தில் விழுந்தது. அம்மாவின் கால்கள் இரண்டும் காற்றுப் பிடித்துத் தண்ணீரின் மேலே வந்து மிதந்தன. எதிரே இருந்த பிரெஞ்சுக் கிழவி "போன்ஜூர்" என்றார். பிறகு எழும்பி மறுபக்கம் போய்விட்டார்.

கிளி ஆன்ரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "குணேஸ், நீ மாப்பிள்ளை பாக்க வந்தனியோ, கால் ஏற்றுமதி செய்ய வந்தனியோ?"

"நீங்கள் ஒண்டு, கிளியக்கா," என்ற அம்மா கால்களைக் கைகளால் அமத்திப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கிளி ஆன்ரி எங்கள் இருவரையும் கோப்பி வாங்க அனுப்பினார். எதற்காக அனுப்புகிறார் என்று நால்வருக்கும் தெரியும். ஒடுங்கிய தெருவில் கிருஷாந்தன் நின்றார்.

"கஜந்தினி, நான் ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டீங்களே?"

"ஓம்," என்றேன். அது பிழையான விடை என்று பட்டதும் "இல்லை" என்றேன்.

"எனக்கு ஒராள் இருக்கிறா. ரெண்டு வருசமா. அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. வைத்தியம் முடியட்டும், பேந்து ஆறுதலாச் சொல்லுவம் எண்டு இருக்கிறன். இப்ப நான் வேண்டாமெண்டால் ஏன் ஏன் எண்டு துருவுவா. நீங்கள் வேண்டாமெண்டு சொல்லுவீங்களோ? அவவைப் பற்றி மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"ஓம்," என்றேன்.

எனக்கு இது ஒரு வியாதி. தொலைபேசியில் விற்க வருபவர்களுக்கு ஓம் சொல்லி எங்கள் வீட்டில் இரண்டு இணைய இணைப்புகள் இருக்கின்றன. ஆனால் ஒரு மாப்பிள்ளைக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஓம் சொல்லி, அது அவரை வேண்டாம் என்பதற்கான ஓமாக அமைந்தது எனக்கு மட்டும்தான் நடக்கும்.

"பெரிய உபகாரம்," என்றார். நான்கு கோப்பியையும் குரொசோன் பணிசுகளையும் அவரே தூக்கிவந்தார். ஒரு துளி சிந்தவில்லை.

திரும்பி வரும் விமானத்தில் அம்மாவிடம் "வேண்டாம்" என்றேன். "ஏன்?" என்றார் அம்மா. அதற்கு நானும் கிருஷாந்தனும் ஒன்றும் பேசி வைத்திருக்கவில்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பதினொரு நாட்களில் என் மதிப்புக் கூடியிருந்தது. கோயிலில், "துலூஸ் மாப்பிள்ளையை வேண்டாமெண்ட பிள்ளை இதுதான்" என்று ஒருவர் மற்றவருக்குக் காட்டினார். தெரிவு செய்கிறவள் என்று என்னை ஒருவரும் அதற்கு முன் நினைத்ததில்லை. நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன். முதுகு நோவுக்கும் அது நல்லதாக இருந்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அருளம்பலம் மாமா மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்.

"கிளியக்கா ரெண்டு மணிக்குப் போன் எடுக்கிறாவாம். காரணத்தைப் பிள்ளையின்ர வாயால கேக்க வேணுமாம்," என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தார். "எங்கை சொல்லு பாப்பம், பெடியனில என்ன குறை?"

"மெல்லச் சாப்பிடுறவர்."

"குடலுக்கு நல்லது. வேறை?"

"ஒரு குரொசோனுக்கு இருபது நிமிசம், மாமா. ரெண்டு நுனியையும் முதல்ல சாப்பிட்டு, நடுவைக் கடைசிக்கு வைப்பார்."

"வேறை?"

"தூரம்."

"போன மாசம் நியூசிலாந்தில வேலைக்கு அப்ளிகேசன் போட்டவள் இவள்," என்றார் அம்மா.

"கதைக்கேக்கை இடது கையால கண்ணாடியைத் தள்ளுவார். கேள்வி கேக்கேக்கை மட்டும் தள்ள மாட்டார். பேந்து, தெருவில வயசான ஆக்கள் வந்தால் சுவரோட ஒட்டி நிண்டு வழி விடுவார். அந்த ஊரில எல்லாரும் வயசான ஆக்கள். அவரோட ஒரு இடத்துக்கும் போய்ச் சேரேலாது."

மாமா பிசைவதை நிறுத்திவிட்டார். அம்மா அகப்பையுடன் என் பக்கம் திரும்பினார்.

"ஐஞ்சு மணித்தியாலத்தில இவ்வளவும் பாத்தனியோ? உன்ர அப்பாவைக் கட்டி ஆறு மாசத்துக்குப் பிறகுதான் நான் அவருக்கு இடது காது கேளாதெண்டு கண்டுபிடிச்சனான்."

"என்ன?" என்றார் அப்பா, முன் அறையிலிருந்து.

"ஒண்டுமில்லை!"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். ஆய்வுகூடத்திலும் அவதானிப்புகளை எழுதுவதுதான் என் வேலை. முடிவை மேலதிகாரி எழுதுவார். அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்.

இரண்டு மணிக்கு மாமா கைத்தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தார். திரையில் முதலில் கிளி ஆன்ரியின் நெற்றி வந்தது. பிறகு முகம் வந்தது.

"சாப்பிட்டீரோ பிள்ளை?"

"ஓம் ஆன்ரி."

"நான் சண்டை பிடிக்க எடுக்கேல்லை. இவன் வாய் திறக்கிறானில்லை. 'அவவுக்குப் பிடிக்கேல்லையாம், விடுங்கோவன் அம்மா' எண்டுறான். நான் இருந்து யோசிச்சுப் பாத்தன். காரணம் நான்தானே?"

"இல்லை ஆன்ரி."

"என்ர முழங்காலைப் பாத்தனீர்தானே. அண்டைக்கு என்னை எழுப்ப ரெண்டு பேர் பிடிக்க வேண்டிக்கிடந்தது. கலியாணம் கட்டிப் போனால் இந்த மனிசியைக் காலம் முழுக்கத் தூக்கவேணும் எண்டு பயந்திருப்பீர். அதில பிழையில்லை. உம்மட வயசில நானும் பயந்திருப்பன்." அவர் சிரித்தார். "அதுதான் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்தில ஒரு அறை பாத்திட்டன். வாற மாசம் போயிடுவன். இனி ஒரு பிள்ளை அவனைப் பாக்க வரேக்கை நான் இடைஞ்சலா நிக்கக் கூடாது பாரும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மாமா என் காதுக்குள், "தூரமெண்டு சொல்லு, தூரமெண்டு சொல்லு," என்றார்.

தூரம் என்று சொல்லலாம். குரொசோன் என்றும் சொல்லலாம். அதில் எதைச் சொன்னாலும் கிளி ஆன்ரி அந்த அறைக்குத்தான் போவார், முழங்காலையும் தூக்கிக்கொண்டு. கிருஷாந்தனுடைய ஆளைப் பற்றிச் சொல்வது என்னுடைய வேலை இல்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதைக் கழித்துவிட்டால் என்னிடம் மிஞ்சியது என்னைப் பற்றிய ஒன்று மட்டும்தான். அதை நான் விமானத்திலும் சொல்லவில்லை, கோயிலிலும் சொல்லவில்லை, குளியலறைக் கண்ணாடிக்கும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே டெப்பனர் கடை வரைக்கும் போய்விடும். பழையபடி குனிந்து நடக்க வேண்டியிருக்கும்.

"ஆன்ரி," என்றேன். காற்று மட்டும்தான் வந்தது.

"சத்தம் வருகுதில்லை பிள்ளை."

மாமா ஒலியைக் கூட்டினார். கேட்காத காதுடன் அப்பாகூட வாசலுக்கு வந்து நின்றார்.

"எனக்கு அவரைப் பிடிச்சது, ஆன்ரி," என்றேன். "வேண்டாமெண்டது அவர்."