அப்பாவின் வலது கை

“உன் கத்தரிக்கோலைக் கொண்டா,” என்றார் அண்ணன், தலையைத் தூக்காமலே.

வெட்டப்போவது தங்கையைத்தான். அதற்கும் அவள் கத்தரிக்கோலே வேண்டியிருந்தது. புத்தகம் பைண்டு செய்து பிழைப்பவள் அவள். அந்த வீட்டில் கூர்மையான சாமான் அவளிடம் மட்டுமே உண்டு.

கூடத்து மேசை முழுக்கப் பழைய படங்கள், கடிதங்கள், பத்திரங்கள். எல்லாவற்றையும் ஒரே புத்தகமாக்கிப் பேரப்பிள்ளைகளுக்கு விட்டுப்போக அண்ணனுக்கு ஆசை. குடும்பக் கதைகளை அவர் சொல்லச் சொல்ல மருமகள் கணினியில் தட்டினாள். பைண்டிங் தங்கை பொறுப்பு. புத்தகத்துக்குள் அவள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

புருஷனை இழந்தவள் முகம் நல்ல நாள் படங்களில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். அவளுடைய புருஷன் செத்தது காய்ச்சலில். குற்றவாளியாக நின்றவள் அவள். துக்கம் கேட்க வந்தவர்கள் செருப்பை மாட்டும் முன்பே அண்ணன் ஆல்பத்தைத் திறந்துவிட்டார். பதினொரு படங்களிலிருந்து அவளை வெட்டி எடுத்தார். அண்ணி போய் இப்போது நாலு வருஷம். அண்ணன் முகத்தை எந்தப் படத்திலிருந்தும் யாரும் வெட்டவில்லை.

அவளை வெட்டியதில் ஒரு சிக்கல். படம் எடுக்கும்போது சிறுமி ஓடிவிடுவாள் என்று அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொள்வார். அவள் வளர்ந்த பிறகும் அந்தப் பிடி தளரவில்லை. ஆகவே அவளை வெட்டிய இடத்திலெல்லாம் அப்பாவின் வலது கையும் கூடவே போயிற்று.

தாத்தாவை நேரில் பார்த்திராத அண்ணன் பிள்ளைகள், படத்தில் அவர் கை எங்கே என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்ல வாய் வராமல், ஆலை இயந்திரம் பிடுங்கிக்கொண்டது என்றார் அண்ணன். அடுத்த வருஷம் கதை சொன்னபோது அப்பா அந்த இயந்திரத்திலிருந்து ஒருவரைக் காப்பாற்றினார். அதற்கடுத்த வருஷம் மூன்று பேரை. இப்போதோ ஒற்றைக் கையால் செங்கல் சுமந்து இந்த வீட்டையே கட்டி முடித்திருந்தார். அந்தப் பக்கத்தைத் தட்டும்போது மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா ஆலையில் வேலை பார்த்தது நிஜம். ஓய்வு பெற்ற அன்று இரண்டு கையையும் வீசிக்கொண்டு வெளியே வந்ததும் நிஜம்.

இன்று காலை வீட்டுப் பத்திரத்துக்குள்ளிருந்து பன்னிரண்டாவது படம் விழுந்தது. வெட்டுப்படாத படம். மருமகள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“மாமா, தாத்தாவுக்கு ரெண்டு கையும் இருக்கே?”

அதற்குப் பதிலாகத்தான் அண்ணன் கத்தரிக்கோல் கேட்டார்.

தங்கை உள்ளே போய்த் திரும்பினாள். கையில் இருந்தது ஒரு பிஸ்கட் டப்பா. அதை மேசையில் கவிழ்த்தாள். பதினொரு தங்கைகள் விழுந்தார்கள். ஒவ்வொருத்தி தோளிலும் ஆளில்லாத ஒரு கை.

“குப்பைக்கூடையிலேர்ந்து பொறுக்கினது. முப்பத்தோரு வருஷமா அப்பா கைய நான்தான் வச்சிருக்கேன்.”

அண்ணன் குரல் இறங்கியது. “கைய மட்டும் வெட்டி எடுத்து ஒட்டிரலாம்மா. நீ தொழில் தெரிஞ்சவ. ஒட்டு தெரியாம ஒட்டுவே.”

“விரலெல்லாம் என் தோள்மேல இருக்குண்ணே. கை வேணும்னா நானும் சேர்ந்துதான் வருவேன். நான் வேணாம்னா அப்பா கையில்லாமலே கிடக்கட்டும். ஆனா வெட்டினது யாருன்னு அந்தப் பக்கத்துல எழுதிரு.”

மருமகள் ‘ஆலை இயந்திரம்’ என்று தட்டியிருந்ததை அழித்தாள். அங்கே என்ன போடுவதென்று மாமனார் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

தங்கை பசைக் கிண்ணத்தை இழுத்துவைத்து முதல் துண்டை எடுத்து, அது வெட்டுப்பட்ட படத்தோடு சேர்த்து வைத்தாள். ஓரம் ஓரத்தோடு அச்சாகப் பொருந்தியது. அண்ணன் அந்தக் காலத்தில் ரொம்ப நேர்த்தியாக வெட்டியிருந்தார்.