தொண்ணூற்றொன்பதும் பதினொரு தக்காளிக் கன்றும்

எங்கள் வீட்டில் பதினொரு தக்காளிக் கன்றுகளும் பதினொரு கோல்ஃப் மட்டைகளும் இருந்தன. கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ தெரியாது. எனக்கு ஒன்றுதான் தோன்றியது. கன்றுக்கு ஒரு மட்டையாக நட்டுவிட்டால் வேலை முடிந்தது.

காட்டுக்குள்ளே குடியிருந்துகொண்டு ஊன்றுதடிக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்கிறவர்கள் எங்கள் ஊர்ப் புளியடிக்குளத்துக் கறையானைக் கண்டதில்லை. எந்தத் தடியை நட்டாலும் ஒரு மாதத்தில் உள்ளே மாவாகிவிடும். காய் பிடிக்கிற நேரம் பார்த்துத் தடியும் செடியும் சேர்ந்து சாயும். இந்த மட்டைகளோ உருக்குத் தண்டு. கறையானின் பாட்டனாலும் கடிக்க முடியாது. அளவும் இடுப்புயரம், தக்காளிக்கென்றே செய்ததுபோல.

மட்டைகள் இவருடையவை. பெயரை ஒருமுறை மட்டும் சொல்லிவிடுகிறேன், கனகலிங்கம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியர், குளத்து வேலைகளுக்கு மேற்பார்வையாளர். யாழ்ப்பாணத்திலிருந்து எங்களை முள்ளியவளைக்கு அப்பால் இந்தக் குடியேற்றத்துக்குக் கொண்டுவந்து விட்டதும் அந்தத் திணைக்களந்தான். இவருக்கு மேலே இருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது மட்டைப் பையை இவர் கையில் கொடுத்துவிட்டு, “பதினெட்டுக் குழியை நூறுக்குக் குறைவான அடியில் முடிக்கிற அன்றைக்கு எனக்கு ஒரு கடிதம் போடு” என்று சொல்லிப் போனார். அவர் ஒரு நாற்காலியையோ மணிக்கூட்டையோ கொடுத்திருக்கலாம். என் கஷ்டகாலம், இதைக் கொடுத்தார்.

அன்று பிடித்த பைத்தியம். ஆடி பிறந்து குளம் வற்றியதும் இவர் குளத்துக்குள் இறங்கிவிடுவார். ஒன்பது குழி தோண்டி, பந்து விழ ஒன்பது தகர மாப்பேணிகளைப் புதைத்தார். மாப்பேணிகள் என்னுடையவை. ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடி. கொடிகள் என்னுடைய கூறைச் சேலைக்கு அடுத்தபடி நான் விரும்பிய சேலையின் துண்டுகள். ஒன்பதையும் இரண்டு முறை சுற்றினால் பதினெட்டு. எருமைகள் மேய்ந்த புல், வெடித்த களிமண், நடுவில் முள்ளுப் புதராக ஒரு ஈச்சம் பற்றை. ஐப்பசியில் மழை இறங்கிக் குளம் நிறைந்தால் விளையாட்டு மீனுக்குத்தான்.

“குறைய அடிக்கிறவன்தான் கெட்டிக்காரன்” என்று இவர் எனக்கு விளங்கப்படுத்தினார்.

“அப்ப ஒண்டுமே அடிக்காமல் வீட்டிலை இருக்கிற நான்தான் எல்லாரிலும் கெட்டிக்காரி” என்றேன்.

“உமக்கு இதெல்லாம் விளங்காது, பத்மாசனி.”

விளங்காமல் என்ன? நாலு வருடமாக இவர் நூறுக்குள் முடிக்கவில்லை என்பது நன்றாக விளங்கியது. அதிலும் இவர் சொல்லுகிற கணக்கை நான் நம்புவதில்லை. ஈச்சம் பற்றைக்குள் பந்து போனால் இவரும் உள்ளே போவார். “தொம், தொம்” என்று ஐந்து சத்தம் கேட்கும். ஒரு கெட்ட வார்த்தை கேட்கும். வெளியே வந்து “ரெண்டு” என்பார். இப்படிக் கழித்தும் நூற்று மூன்றுக்குக் கீழே இறங்காத மனிதன்!

அறுபத்தோராம் ஆண்டு புரட்டாசியில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

“இஞ்சாருங்கோ, இந்த முறை குளத்துக்குத் தண்ணி வாறதுக்குள்ளை நூறுக்குக் கீழை அடியுங்கோ. இல்லாட்டி மட்டை பதினொண்டும் என்ரை தக்காளிக்கு.”

“சரி.”

“ஆனால் எண்ணுறது நீங்களில்லை. அப்புத்துரை அண்ணர்.”

இவர் முகம் கொஞ்சம் கறுத்தது. அப்புத்துரை அண்ணர்தான் இந்தப் பக்கத்துக் களங்களில் எல்லாம் நெல் அளக்கிறவர். அண்ணன் தம்பி வெட்டுக்குத்தாக நிற்கிற களத்திலும் அவர் அளந்து சொன்னால் இரண்டு பேரும் வாய் திறக்காமல் சாக்கைக் கட்டுவார்கள். அவருடைய எண்ணிக்கை பிழைத்ததென்று ஒருவரும் சொன்னதில்லை. வேண்டாமென்றால் தன் கள்ளக்கணக்கு வெளியே வரும் என்று தெரிந்து, இவர் வாய்க்குள்ளே “ஓம்” என்றார்.

ஐப்பசி மூன்றாம் நாள் காலையில் வடகிழக்கில் வானம் கறுத்துக் கிடந்தது. அதற்குள் இவர் மூன்று சுற்று அப்புத்துரை அண்ணர் முன்னால் ஆடி, நூற்றுப் பதினாலு, நூற்றெட்டு, நூற்றைந்து என்று வந்திருந்தார். இன்றைக்கு விட்டால் குளம் போய்விடும். இவர் வெள்ளைக் காற்சட்டையும் கான்வஸ் சப்பாத்தும் போட்டுக்கொண்டு புறப்பட்டார். தண்டின் நீளத்தை ஒருமுறை பார்த்து வைப்போமென்று நானும் போனேன்.

முதல் அடி குளக்கட்டிலிருந்து. அங்கே வீரை மரத்தடியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். மழை கறுத்ததைப் பார்த்துவிட்டு அப்புத்துரை அண்ணர் அவருக்கு முன்னால் நின்று, “இண்டைக்குக் கடைசிச் சுற்று. முறையாச் செய்வம்” என்று சொல்லிக் கும்பிட்டார். இடுப்புமடி நிறையப் புளியங்கொட்டை. ஒரு அடிக்கு ஒரு கொட்டையாக எடுத்துக் கையிலுள்ள சின்னப் பெட்டிக்குள் போடுவதுதான் அவருடைய வழக்கம்.

இவர் பெரிய மரத்தலை மட்டையை உருவினார். அந்த மட்டையில் இவருக்கு அப்படி ஒரு பெருமை. ஓங்கி ஒரு அடி. பந்து புறப்பட்டபோது குழியை நோக்கித்தான் போனது. பாதி வழியில் யாரோ கூப்பிட்டதுபோல வலப்பக்கம் திரும்பி ஈச்சம் பற்றைக்குள் போய்விட்டது. அப்புத்துரை அண்ணர் ஒரு கொட்டையை எடுத்துப் பிள்ளையாரின் காலடியில் வைத்துவிட்டுக் கட்டால் இறங்கினார். இவருக்காகத்தான் வேண்டுகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு அடிக்கும் ஒரு கொட்டை பெட்டிக்குள் விழுந்தது. விழும்போதெல்லாம் அவர் மெல்ல “பொலி” என்பார். களத்தில் நெல் அளக்கும்போது குவியல் பெருகவேண்டுமென்று சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிய சொல்.

“அண்ணை, அப்பிடிச் சொல்லாதேங்கோ. கூடிப்போகும்” என்று இவர் கெஞ்சினார்.

“கூடத்தானே தம்பி வேணும்?”

“இதிலை குறையவேணும்.”

“குறைய வேணுமெண்டு சொல்லி நான் ஒருநாளும் எண்ணினதில்லை. வாய் வராது” என்றார் அவர். அடுத்த கொட்டைக்கும் “பொலி” தான்.

பற்றைக்குள் பந்து போகும்போதெல்லாம் அண்ணரும் கூடவே உள்ளே போனார். முள் கீறிய முதுகோடும் சரியான கணக்கோடும் வெளியே வந்தார். இவரால் ஒன்றைக்கூடக் கழிக்க முடியவில்லை. ஒன்று கவனித்தேன். சின்ன இரும்பு மட்டைகளால் தட்டும்போது பந்து நல்ல பிள்ளையாக நேரே போகிறது. மரத்தலை மட்டையை எடுத்தால்தான் பற்றை, எருமைக் குழி, வாய்க்கால் என்று ஊர் சுற்றப் போகிறது. எனக்கு விளையாட்டு விளங்காது என்பதால் வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

ஒன்பதாவது குழியில் இவர் கேட்டார்: “எவ்வளவு அண்ணை?”

“ஐம்பத்தொண்டு.”

இவர் ஏதோ குழம்பினவர்போல விரல்களை மடித்து மடித்துப் பார்த்தார். பிறகு மற்ற ஒன்பதுக்கும் நடந்தார்.

அந்த ஒன்பதில் இவருக்கு என்ன வந்ததோ தெரியாது. ஐந்து, ஆறு, ஐந்து என்று குழிகள் விழுந்துகொண்டே வந்தன. ஒரு பந்து எருமையின் முதுகில் பட்டுத் திரும்பிக் குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. எருமை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது. விதைப்புக்குப் போன ஐந்தாறு பேர் குளக்கட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டு இறங்கி வந்தார்கள். பதினேழாவது குழி முடிந்தபோது தொண்ணூற்று நாலு.

என் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்? தக்காளிக்குத் தடி வேண்டுமென்று வந்தவள் நான். ஆனால் அந்த மெல்லிய கால்களை அகட்டி வைத்து இவர் பந்துக்கு முன்னால் நிற்பதைப் பார்த்ததும், பிள்ளையாரே, இந்த மனிசனுக்கு இதைக் குடுத்துவிடு என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

கடைசிக் குழி. தொண்ணூற்றெட்டு. பந்து மாப்பேணிக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. முதல் மழைத்துளி இவருடைய வழுக்கையில் விழுந்தது. துடைக்கவில்லை. குனிந்து தட்டினார். பந்து உருண்டு போய், பேணியின் விளிம்பில் அரை வட்டம் சுற்றி, உள்ளே விழுந்து “டங்” என்றது. அப்படி ஒரு இனிமையான சத்தம் அந்தப் பேணியில் மா இருந்த காலத்திலும் வந்ததில்லை.

“தொண்ணூற்றொன்பது. பொலி!” என்றார் அப்புத்துரை அண்ணர்.

எல்லோரும் கூவினார்கள். ஒருவன் இவரைத் தூக்கப் பார்த்து எருமைச் சாணியில் சறுக்கினான். இவர் மட்டும் சிரிக்கவில்லை. பந்தை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறென்று வீட்டுப் பக்கம் நடந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. அப்புத்துரை அண்ணரைக் கூட்டிவந்து விறாந்தைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். யன்னலால் பார்த்தால், கொட்டுகிற மழையில் இவர் என் தோட்டத்துக்குள் குந்தியிருக்கிறார். ஒவ்வொரு தக்காளிக் கன்றுக்குப் பக்கத்திலும் ஒரு மட்டையைத் தலைகீழாகக் குத்தி மண்ணை இறுக்குகிறார். நாலு நட்டாயிற்று. நான் ஓடினேன்.

“என்ன செய்யிறியள்? வெண்டது நீங்கள்தானே!”

“இல்லை” என்றார். முகத்தில் வழிந்தது மழையா என்னவோ. “நானும் மனசுக்குள்ளை எண்ணினனான். நூறு. ஒண்டு விடுபட்டுப் போச்சு.”

“அப்புத்துரை அண்ணற்றை எண்ணிக்கை பிழைக்குமே?”

“அதுதான் வாய் திறக்கேல்லை. அவரைப் பிழை எண்டு சொல்லுறதோ? ஆனால் வெள்ளைக்காரத் துரைக்குத் தொண்ணூற்றொன்பது எண்டு எழுதக் கை வராது, பத்மாசனி. நூறு எண்டால் நூறுதான்.”

பற்றைக்குள் அடித்த ஐந்தை இரண்டாக்கிய மனிதன் சொல்லுகிறார் இதை! பதினாறு வருடக் குடித்தனத்தில் இவர்மேல் எனக்கு இவ்வளவு ஆசை வந்ததில்லை. கையைப் பிடித்து விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு அந்தப் பிள்ளையார் காலடிக் கொட்டை ஞாபகம் வந்திருந்தது.

“அண்ணர், காலமை குளக்கட்டிலை முதல் அடிக்கு எடுத்த கொட்டையைப் பெட்டிக்குள்ளை போட்டனீங்களோ?”

“அதெப்பிடிப் பிள்ளை போடுறது?” அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “களத்திலை அளக்கேக்கை முதல் மரைக்கால் நெல்லு பிள்ளையாருக்கு. அதை ஒதுக்கி வைச்சிட்டுத்தானே எண்ணத் தொடங்குறது. போன மூண்டு சுற்றும் சும்மா பழகிறதுதானே எண்டு விட்டிட்டன். இண்டைக்குப் பெரிய காரியம். முறையை விடலாமே?”

இவர் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

“அப்ப சரிதான்” என்றேன் நான். “முதல் அடி பிள்ளையாற்றை. மிச்சம் தொண்ணூற்றொன்பதும் உங்கடை. பிள்ளையாருக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற ஆளோ நீங்கள்?”

“பிள்ளையார் அந்த மாதிரிப் பற்றைக்குள்ளை அடிக்கமாட்டார்” என்றார் இவர். அப்புத்துரை அண்ணர் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்தினார்.

கடைசியில் வழக்கை அப்புத்துரை அண்ணரே தீர்த்துவைத்தார். ஒரு அடி கூடிவிட்டது, ஆகவே ஒரு மட்டை தக்காளிக்கு. மற்றப் பத்தும் ஓவசியருக்கு. துரைக்குக் கடிதம் வேண்டாம். நூறுக்குக் கீழே வருகிற வருடம் எழுதலாம். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். நட்டிருந்த நாலையும் பிடுங்கிக் கழுவித் துடைத்தோம்.

“எந்த மட்டை வேணும்? நீரே எடும்” என்றார் இவர், சின்னது ஒன்றை எனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு.

நான் மரத்தலை மட்டையை எடுத்தேன். இவர் ஐயோ என்று கத்தினார். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான்.

அந்த வருடம் என் தோட்டத்தில் பத்துத் தக்காளி கறையான் தின்ற தடிகளோடு சாய்ந்தன. ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்று காய்த்துக் குலுங்கியது. அதன் மேலே வார்னிஷ் பூசிய மரத்தலை பளபளத்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஆவணியில் குளம் வற்றியது. மரத்தலை மட்டை தோட்டத்தில் நிற்க, வேறு வழியில்லாமல் இவர் சின்ன இரும்பு மட்டைகளோடு இறங்கினார். பந்து ஈச்சம் பற்றையை ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. தொண்ணூற்று நாலு. பிள்ளையாருடைய அடியையும் சேர்த்து.

துரைக்குக் கடிதம் எழுதினார். மூன்று பக்கம். எந்த மட்டை இல்லாததால் அது நடந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. நான் அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டினேன்.