மூன்று விநாடிக்கு மேல்

சனிக்கிழமைதோறும் டிவியில் நேரலையாக வந்த அந்தப் பல்சுவை நிகழ்ச்சியில் இருபத்திரண்டு வருடம் திரைக்கு முன்னால் நின்றவன் நான். பாட்டு முடிந்து, மேஜிக்காரர் தன் பெட்டிகளைத் திரைக்குப் பின்னால் அடுக்கி முடிக்கும்வரை ஜனங்களைச் சிரிக்கவைப்பது என் வேலை. ஃப்ளோர் மேனேஜர் இரண்டு விரலைக் காட்டினால் இன்னும் இரண்டு நிமிடம் இழுக்க வேண்டும். ஒருமுறை பியானோவின் கால் ஒடிந்து, பதினோரு நிமிடம் வாய் ஓயாமல் பேசினேன். அன்றிலிருந்து அங்கே எனக்குப் பெயர் 'இழுவை'. நிஜப் பெயரைச் சொன்னால் வாசல் காவலாளியே உள்ளே விடமாட்டார்.

எங்கள் தொழிலில் ஒரே பயம், மௌனம். மூன்று விநாடியைத் தாண்டினால் வீட்டில் பார்ப்பவன் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவான்.

நிகழ்ச்சி நின்று ஆறு வருடம். மனைவி போய்ச் சேர்ந்து எட்டு மாதம். இந்த வீட்டில் இப்போது மூன்று நாள் மௌனம்கூடச் சர்வ சாதாரணம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: தன்னோடு வந்து இருக்கும்படி மகள் கூப்பிடுவாள் என்று எட்டு மாதமாகக் காத்திருந்தேன். நானாகக் கேட்க வாய் வரவில்லை. வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு வந்தாள். மாப்பிள்ளை கீழே காரிலேயே இருந்துகொண்டார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

குனிந்து மோதிரத்தைத் திருகினாள். ஒன்று. இரண்டு. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் தன் குறட்டைக்குத் தானே விழித்து, யாரோ தட்டுகிறார்கள் என்று கதவைத் திறந்த கதையை எடுத்துவிட்டேன். சிரித்தாள்.

"இல்லப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

மறுபடி நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டும், பல் டாக்டரிடம் தப்பான பல்லைக் காட்டிவிட்டு, மாற்றிச் சொல்ல வெட்கப்பட்டு அதையே பிடுங்கிக்கொண்டு வந்த கதையைச் சொன்னேன். அதற்கும் சிரித்து, சிரிப்பில் வந்த கண்ணீர்போலத் துடைத்துக்கொண்டாள். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

ஒரு மணி நேரம் இப்படியே ஓடியது. கைப்பையை எடுத்தாள்.

"என்னமோ கேக்கணும்னியே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா."

வழியனுப்ப மெல்லப் படியிறங்கினேன். அவள் எனக்கு முன்பே காரில் ஏறியிருந்தாள். மாப்பிள்ளை விசாரித்தது என் காதில் விழுந்தது.

"கேட்டியா? வர்றாராமா?"

"கேக்கலங்க. அவர் இங்க சந்தோஷமாத்தான் இருக்காரு. நாமதான் வீணா கவலைப்பட்டோம்."

வீம்பாவது மண்ணாங்கட்டியாவது. ஓடிப்போய்க் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னையும் கூட்டிட்டுப் போம்மா. தனியா இருக்க முடியல."

சொன்னேன்தான். ஆனால் பாழாய்ப்போன பழக்கம், சொன்ன கையோடு, நிகழ்ச்சியில் ஜோக்கை முடிக்கும்போது செய்வதுபோலவே புருவம் மேலே ஏறி, கீழுதடு பிதுங்கிக்கொண்டது.

மாப்பிள்ளை ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "மாமா, நீங்க மாறவே மாட்டீங்க!"

மகளும் சிரித்தாள். ஜன்னல் வழியே கையை நீட்டி, என் கன்னத்தைச் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனாள்.