நாற்பத்து மூன்று குதிரை

என் அண்ணன் அவசரக்காரன் இல்லை. சாவு வீட்டில் அந்தச் சொல்லை முதலில் எடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் பேசிப் பேசி அது கெட்டிப்பட்டிருந்தது. "தம்பிக்கு எப்பவுமே கொஞ்சம் அவசரம்." "அந்த மேட்டுல போய் யாராவது லாரியை முந்துவாங்களா?" என்னைப் பார்க்க வந்தவர்கள் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே சொன்னார்கள். போலீஸ் அறிக்கையும் அதையே வேறு வார்த்தையில் சொன்னது. கடைசியில் அண்ணியும் சொன்னாள்.

"உங்க அண்ணனுக்கு என்ன, சீக்கிரம் போகணும்னு நினைச்சாரு. போயிட்டாரு."

அவன் சர்வேயர். ஒரு வேலிக்கல்லை ஊன்றுவதற்கு முன் மூன்று முறை அளப்பான். வானத்தில் மேகமே இல்லாத நாளிலும் குடை எடுத்துக்கொண்டு போவான். அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்த எஸ்யூவிக்கு 'பெருசு' என்று பெயர் வைத்திருந்தான். இருபது வயதான டீசல் வண்டி. அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்பது அவனுக்கு அத்துப்படி. மேட்டில் முன்னால் லாரி போனால் பின்னாலேயே ஊர்ந்து போவான்.

"ஏன்டா, சைக்கிள்காரன்லாம் நம்மளைப் பாத்துச் சிரிக்கறான்" என்பேன்.

"பெருசுக்கு மூச்சு வாங்கும், கொசு. வாயை மூடிக்கிட்டு வா."

கொசு நான். காதோரம் எதையாவது ரீங்கரித்துக்கொண்டே இருப்பேன் என்று சின்ன வயதில் வைத்த பெயர்.

இப்படிப்பட்டவனைத்தான் 'டாக்டர்' பிடித்துக்கொண்டார். டாக்டர் என்றால் மெக்கானிக். எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்று அவரே வைத்துக்கொண்ட பட்டம். போர்டிலும் அப்படித்தான் போட்டிருந்தார். பழைய எஞ்சினுக்குள் சக்தி தூங்கிக்கொண்டிருக்கிறது, புது டர்போவும் அகலமான புகைக்குழாயும் போட்டு, எரிபொருள் போகிற கணக்கையும் கணினியில் மாற்றிவிட்டால் எழுந்துவிடும் என்றார். அண்ணன் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டான்.

"அளந்து காட்டணும். வேலைக்கு முன்னால ஒரு தடவ, பின்னால ஒரு தடவ. அளக்காம நான் எதையும் நம்பறதில்லை."

"அளக்காம நானும் வைத்தியம் பாக்கறதில்ல தம்பி" என்றார் டாக்டர்.

முதல் முறை அளந்தபோது நானும் போயிருந்தேன். தகரக் கூரைக்குக் கீழே, தரையில் பதித்த இரும்பு உருளைகள். வண்டியின் பின்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, நான்கு பக்கமும் பட்டையால் இழுத்துக் கட்டி, முழு வேகத்துக்கு மிதிப்பார்கள். வண்டி நின்ற இடத்திலேயே ஓடும். எத்தனை குதிரைத்திறன் என்று பக்கத்துத் திரையில் கோடு ஏறும். டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, வெளியே நின்ற என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி ஏன் வெயில்ல நிக்கறீங்க? உள்ள உக்காருங்க. வேர்க்காம இருக்கட்டும்" என்று ஏசியை முழுசாகத் திருப்பிவிட்டார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். நன்றிகூடச் சொன்னேன்.

நூற்று இரண்டு வந்தது.

வேலை முடிந்து மறுபடி அளந்த அன்று வேறு காட்சி. பானெட் திறந்திருந்தது. அதன் முன்னால் ஆள் உயர மின்விசிறி ஒன்று புயல்போல இரைந்தது. நான் உள்ளே ஏறப் போனேன். டாக்டர் கை காட்டித் தடுத்தார். "வேணாம் தங்கச்சி. இப்ப இது வேற வண்டி. எல்லாரும் மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க." பயந்துபோய்த் தள்ளி நின்றோம். அந்தப் பயமே பாதி நம்பிக்கையைக் கொடுத்துவிட்டது.

நூற்று நாற்பத்தைந்து.

அண்ணன் என் தோளில் ஒரு குத்து விட்டான். "நாப்பத்திமூணு குதிரை, கொசு!"

"அத்தனைக்கும் புல்லுக்கு எங்க போவே?"

"உன் தலையில இருக்கறதை மேய விடுவேன்."

அந்த வருஷம் முழுக்க அவனைப் பார்த்தவர்களிடமெல்லாம் அந்த எண்ணைச் சொன்னான். அளந்த எண் அல்லவா.

மலைச் சாலையில் அது நேரான ஏற்றம். முன்னால் மரம் ஏற்றிய லாரி. எதிரே, தூரத்து மேட்டின் உச்சிவரை சாலை காலியாக இருந்தது. அண்ணன் கண்ணால் தூரத்தை அளந்தான். நான் பார்த்தேன், அவன் அளந்தான். நாற்பத்து மூன்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் லாரிக்குப் பின்னாலிருந்து வண்டியை வெளியே எடுத்தான். லாரியின் பாதி நீளம் வரை வந்தோம். அங்கே பெருசுக்கு மூச்சு வாங்கியது. "வா, வா, வா" என்றான், எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி வளர்த்த ஒன்றைக் கூப்பிடுகிற குரலில். மேட்டின்மேல் பஸ் தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் வேறு வண்டிகள் நெருங்கி வந்ததால் பின்வாங்கவும் இடம் இல்லை.

நான் மறுபடி நடக்கத் தொடங்கியபோது யாரோ சொன்னார்கள்: டாக்டரின் பட்டறைச் சுவரில் அண்ணன் வண்டியின் கோட்டுப் படம் இன்னும் தொங்குகிறதாம். கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு, நடுவில் கொட்டை எழுத்தில் நாற்பத்து மூன்று. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டித்தான் வேலை பிடிக்கிறாராம். கைத்தடியை ஊன்றிக்கொண்டு போனேன்.

"வாங்க தங்கச்சி" என்றார் டாக்டர். முகத்தை உடனே சோகமாக்கிக்கொண்டார். "தம்பி ஞாபகமா வச்சிருக்கேன். கழட்ட மனசு வரல."

"கழட்டுங்க."

"கழட்டறேன். ஒரு வேலை கையில இருக்கு, முடிச்சிட்டு வரேன். உக்காருங்க."

உருளைமேல் ஒரு வண்டி நின்றிருந்தது. பெருசின் ஜாதிதான், நிறம் மட்டும் வேறு. ரொட்டிக்கடைக்காரர் ஒருவருடையது. இன்னும் ஒரு திருகாணிகூட மாற்றப்படவில்லை, முதல் அளவு. டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். வெளியே நின்ற ரொட்டிக்கடைக்காரரின் மனைவியைப் பார்த்தார்.

"அக்கா ஏன் வெயில்ல நிக்கறீங்க? உள்ள உக்காருங்க. வேர்க்காம இருக்கட்டும்."

கை தானாக ஏசிக்குப் போனது.

நான் அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிறவள். ஒரே வரி இரண்டு இடத்தில் வந்தால் என் கண் நின்றுவிடும். பானெட்டைப் பார்த்தேன். மூடியிருந்தது. மின்விசிறி மூலையில் சும்மா நின்றது. திரையில் தொண்ணூற்றெட்டு வந்தது.

"இன்னொரு தடவ ஓட்டுங்க" என்றேன். "இப்பவே. ஏசியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, அந்த ஃபேனை முன்னால வச்சு."

"அதெல்லாம் வேலை முடிஞ்சப்புறம் செய்யறது தங்கச்சி."

"ஏன்?"

டாக்டர் சிரித்தார். "சொன்னா உங்களுக்குப் புரியாது."

ரொட்டிக்கடைக்காரரின் மனைவி வண்டியிலிருந்து இறங்கினாள். "எனக்குப் புரியுது. ஒரே மாவை ஒரு நாள் ஈரத்தோட நிறுத்து, ஒரு நாள் காயவச்சு நிறுத்துக் காட்டுவியா? ஓட்டுய்யா."

"ஆமா, ஓட்டுங்களேன்" என்றார் கணவர், மனைவி பேசிய பிறகு.

டாக்டருக்கு முகம் கறுத்தது. ஆனாலும் ஓட்டினார். மறுத்தால் மானம் போய்விடும். மின்விசிறி இரைந்தது. கோடு ஏறியது. ஒன்றும் மாற்றாத அந்த வண்டியில் நூற்றுப் பத்தொன்பது.

"இருபத்தியோரு குதிரை" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "சும்மாவே வந்துருச்சே! எதுக்கு டாக்டர் டர்போ? நான் ஃபேனை வாங்கி முன்னால கட்டிக்கறேன்."

அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. மலையில் பானெட் மூடி, எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டுதான் இருந்தது. எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கைத் தின்றபடி ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் அதையெல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்க்கும்படி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனிடம் அளவை விற்றவருக்கு அது தெரிந்திருந்தது.

"சூடு, காத்து, ஆயிரம் காரணம் இருக்கு" என்று டாக்டர் தொடங்கினார். "தம்பி வண்டியில டர்போ மட்டுமே ஒரு இருபது நிச்சயம் குடுத்திருக்கும். ரோட்டுல அவசரப்பட்டா நான் என்ன பண்ண முடியும்?"

அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்தும் கேட்டேன். அதற்குமேல் அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை.

சுவரிலிருந்த படத்தை நானே கழற்றினேன். ஆணியோடு வந்தது. யாரும் தடுக்கவில்லை.

அண்ணி சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளின் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். படத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எவ்வளவு பொய்?"

"பாதி இருக்கும். இனி அளக்க முடியாது. வண்டியே இரும்புக் கடைக்குப் போயிருச்சு."

லாரியின் பாதி நீளம் வரை வந்தோம் என்று அவளிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அந்த இரண்டு கோடுகளையும் பார்த்தாள். பிறகு என்மேல் பாய்ந்தாள்.

"இதை ஏன் என் கையில கொண்டுவந்து குடுக்கறே? இத்தனை நாளா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டேதான் நான் எந்திரிக்கறேன், சமைக்கறேன், தூங்கறேன். இனிமே நான் யாரைத் திட்டுவேன்?"

"அந்த டாக்டரைத் திட்டுங்க அண்ணி."

"அவன் யாருடி எனக்கு?"

அழுதாள் என்று எழுதினால் பொய். பொத்தான் டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். இருவருமாகக் குனிந்து பொறுக்கினோம். எனக்கு இடுப்பு வலித்தது. அலமாரிக்கு அடியில் உருண்ட ஒன்றை எடுக்க அவள் தரையில் படுத்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"என்னைக்கு அளக்கறான் அவன்?"

"சனிக்கிழமைன்னு பட்டறையில எழுதிப் போட்டிருக்கான்."

"கூட வா."

போலீஸில் புகார் கொடுத்தேன். வண்டி இல்லாமல் நிரூபிக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் சனிக்கிழமை போனோம். உருளைமேல் வேறொரு பழைய வண்டி. உரிமையாளர் இளைஞர், அவருடைய அம்மா வெயிலில் நின்றிருந்தார். டாக்டர் எங்களைப் பார்த்தான். பார்த்தும், பழக்கதோஷம், கை ஏசிக்குப் போய்விட்டது.

அண்ணி நேராக நடந்து போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"போடாதீங்க டாக்டர்" என்றாள். "எங்களுக்கு வேர்க்கல."