நிறுத்துகிற கை

கம்மாபுரம் பேண்டு செட்டில் எட்டுப் பேர். முன்னால் இரண்டு கிளாரினெட், அடுத்து இரண்டு ட்ரம்பெட், ஒரு யூபோனியம், பிறகு தாளத் தட்டு, சின்ன டிரம், கடைசியில் பெரிய டிரம். அந்தப் பெரிய டிரம்மைப் பதினான்கு வருஷம் வயிற்றின் மேல் தாங்கி நடந்தவன் பழனிவேல். 1963 தை மாதம், பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், அதை மாஸ்டர் சக்கரபாணியின் வீட்டில் இறக்கி வைத்தான்.

"நான் நின்னுக்கறேண்ணே. சுரங்கத்துல பர்மனென்ட் ஆர்டர் வந்துட்டுது."

"பகல்ல பம்பு, சாயங்காலம் டிரம்முன்னு இரேன்டா. யாரு வாணாங்கறது?"

"ஒரு வாரம் காலைல ஷிப்டு, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. முகூர்த்தம் பாத்தா ஷிப்டு போடுவாங்க? ஆறு மாசத்துக்கு ஒரு நாள்கூட ஆப்சென்ட் ஆவக் கூடாது."

"தோளு வலிக்குதுன்னு சொல்லு. ஒத்துக்கறேன்."

"தோளும் வலிக்குது."

சக்கரபாணி சிரித்துவிட்டார். பழனிவேலுக்கு எடுத்த முடிவில் சந்தேகமே இல்லை. தோள்வலியும் பர்மனென்ட்டும் மட்டும் காரணமல்ல. அவனுக்கு அந்த பம்பு பிடித்துப் போயிருந்தது.

சுரங்கத்தில் பம்பு எதற்கு என்று ஊரில் பலருக்கு அப்போது புரியவில்லை. மழைத் தண்ணீரை இறைக்கிறார்கள் என்று நினைத்தார்கள். மழைத் தண்ணீர் சின்ன வேலை. பெரிய வேலை கீழே இருக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில், மணலுக்குள், தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டு நிற்கிறது. மேலே இருக்கும் மண்ணின் பாரம்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. சுரங்கம் வெட்டுவது என்றால் அந்தப் பாரத்தை எடுத்துவிடுவது. எடுத்தால் தண்ணீர் அடித்தளத்தையே பெயர்த்துக்கொண்டு மேலே வரும். ஆகவே சுற்றிலும் ஆழக் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் இறைத்து, அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பழனிவேலின் பொறுப்பில் அப்படி நான்கு பம்புகள். இடைவிடாமல் ஒரே சீராக ஓடுகிற ஒன்றைக் கவனித்துக்கொள்வது அவனுக்குப் புது வேலையாகத் தெரியவில்லை.

பெரிய டிரம் சாமிக்கண்ணுவிடம் போயிற்று. பன்னிரண்டு வருஷம் பழனிவேலுக்குப் பக்கத்தில் தாளத் தட்டு அடித்தவர். எல்லாப் பாட்டும் தெரியும். தட்டுக்கு ஊரிலேயே வேறு ஆளைப் போட்டார்கள். இருப்பதிலேயே சுலபமான வாத்தியம் பெரிய டிரம்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். பழனிவேலும் அப்படித்தான் நினைத்தான்.

தை கடைசியில், சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் நகரியத்தில் ஒரு கல்யாணம். பழனிவேல் இல்லாமல் செட் போன முதல் மாப்பிள்ளை அழைப்பு அது. அன்று அவனுக்குக் காலை ஷிப்டு. மதியம் இரண்டு மணிக்கு அவனை மாற்றிவிட வந்தவர் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார். நெற்றியில் சந்தனம். வரும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வே பழனி, ஒம்ம பேண்டு எங்க போச்சு தெரியுமா?"

"எங்க போச்சு? கல்யாணத்துக்குத்தான்."

"கல்யாண வீட்டத் தாண்டிப் போச்சு வே! வாசல்ல ஆரத்தித் தட்டோட நாலு பொம்பளைய நிக்காவ. பேண்டு வருது, வருது, நேரா போயிட்டே இருக்கு! மாஸ்டரு கிளாரினெட்ட மேல தூக்குதாரு, கண்ண உருட்டுதாரு. பின்னால ஒருத்தனும் பாக்கல. மாப்பிள்ள காரு பேண்டுக்குப் பின்னாலயே போவுது. அடுத்த தெரு முக்குல ட்ரம்பெட்காரனுக்கு மூச்சு முட்டுனப்பொறவுதான் நின்னுச்சு. ஆரத்தித் தட்டத் தூக்கிட்டுப் பொம்பளைய ஓடுதாவ. பாதித் தண்ணி ரோட்டுல."

பழனிவேலுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இசக்கிமுத்து சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"மாசி ஏழாந் தேதி எம் மவ சந்திராவுக்குக் கல்யாணம். ஒம்ம செட்டுக்குத்தான் தாம்பூலம் குடுத்திருக்கேன். எம் மாப்பிள்ள எம் வாசலத் தாண்டிப் போவக் கூடாது. அந்த டிரம்மு ஒழுங்கா நிக்கும்னு நீரு பொறுப்பேத்துக்கிடணும். இல்லேன்னா இப்பமே சொல்லிரும், விருத்தாசலத்துல வேற செட்டுப் பாத்துக்கிடுதேன்."

விஷயம் சிரிப்பில்லை என்று அப்போது புரிந்தது. நகரியத்தில் வந்திருப்பவர்கள் பத்து ஜில்லாக்காரர்கள். ஒரு பிளாக்கில் ஒரு செட்டின் பேர் கெட்டால் ஒரு வாரத்தில் எல்லா பிளாக்கிலும் கெட்டுவிடும். அந்த ஏழு பேரும் நம்பியிருப்பது நகரியத்துக் கல்யாணங்களைத்தான். அவர்களைக் கைவிட்டுவிட்டு அவனால் பர்மனென்ட் ஆளாக நிம்மதியாக சைக்கிள் மிதிக்க முடியாது.

"நான் பொறுப்புங்க," என்றான்.

மறுநாள் மாலை ஏரிக்கரைக்குக் கீழே செட் கூடியது. தை அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. சக்கரபாணி கேட்டார்:

"பாட்டு முடியறப்ப நீ இன்னாதான்டா பண்ணுவே?"

"நான் ஒண்ணும் பண்ணலியேண்ணே. நீங்க கிளாரினெட்ட தூக்குவீங்க, எல்லாம் நிறுத்துவோம்."

"நானும் அப்படித்தான் நெனச்சிகினு இருந்தேன்."

பேண்டு பாட்டு ஒரு வட்டம். கடைசி அடி முதல் அடியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகலாம். ஊர்வலத்துக்கு அதுதான் வசதி. ஆனால் எந்தச் சுற்றில் நிறுத்துவது என்று யாராவது சொல்லியாக வேண்டும். வாய் எல்லாருக்கும் வாத்தியத்தில் இருக்கிறது. கண் ரோட்டில் இருக்கிறது. மாஸ்டர் முன்னால் நடப்பதால் பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிவது அவர் முதுகு. பிறகு பதினான்கு வருஷமாக எட்டுப் பேரும் ஒன்றாக நின்றது எப்படி?

பழனிவேல் டிரம்மை மாட்டிக்கொண்டான். ஏழு பேரும் வாசித்துக்கொண்டே அவனை உற்றுப் பார்த்தார்கள். பாட்டு நான்கு சுற்றுப் போனது, ஐந்து போனது, நிற்கவில்லை. பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவன் கை வழக்கமாகச் செய்வதை மறந்துவிட்டது.

"சரிதான், உங்க ஊட்டுக்காரருக்கும் நிறுத்தத் தெரியல," என்றார் சாமிக்கண்ணு. கரையில் புல்லறுத்துக்கொண்டிருந்த தனத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அவருக்குப் பேச ஆரம்பிச்சாலே நிறுத்தத் தெரியாது மாமா," என்றாள் பழனிவேலின் மனைவி தனம்.

விடை பம்பு ஹவுஸில் கிடைத்தது. மூன்றாம் எண் பம்பைப் பழுது பார்க்க நிறுத்த வேண்டியிருந்தது. ஆழ்கிணற்று பம்பை நினைத்தவுடன் நிறுத்தக் கூடாது. மோட்டார் சட்டென்று நின்றால் மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் அத்தனையும் ஒரே வீச்சில் திரும்பி விழும். குழாய் அதிரும், தண்டு தலைகீழாகச் சுற்றும். அதனால் முதலில் தண்ணீர் வெளியேறும் வால்வை இடது கையால் மெல்ல மெல்லத் திருகி மூடுவான். மூட மூட மோட்டாரின் சத்தம் மாறும். அகலமாக இருந்த இரைச்சல் ஒடுங்கி இறுகும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் வலது கை சுவிட்சுக்குப் போக வேண்டும். நிறுத்துவது வலது கைதான். ஆனால் நிற்கப் போகிறது என்று சொல்வது இடது கை.

பழனிவேல் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்த தன் இடது கையைப் பார்த்தான்.

பெரிய டிரம்முக்கு இரண்டு பக்கமும் தோல். வலது பக்கத்தைத் துணி சுற்றிய கோலால் அடிப்பார்கள். இடது கை டிரம்மைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் ஒரு தோலில் அடி விழுந்தால் மறு தோலும் உள்ளே அடைபட்ட காற்றால் அதிரும். அந்த அதிர்வுதான் 'தூம்ம்ம்' என்று தெருக்கோடி வரை போகும் நீளச் சத்தம். இடது உள்ளங்கையை மறு தோலில் வைத்து அழுத்தினால் அதிர்வு அடங்கிவிடும். 'தும்' என்று கட்டையாக வரும். கடைசிச் சுற்றில் தன் உள்ளங்கை தானாகவே தோலில் போய்ப் படுத்துக்கொள்கிறதோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது.

சந்தேகம் போதாது. அன்று மாலை ஏரிக்கரைக்குக் கீழே மறுபடி எல்லாரையும் கூட்டினான். தனத்தைக் கூப்பிட்டு, தன் இடது கையைத் துண்டால் முதுகுப் பக்கம் கட்டச் சொன்னான். டிரம்மின் அடிப்பாகத்தைச் சாமிக்கண்ணு தாங்கிக்கொண்டார்.

"இதுக்குத்தான் பதினஞ்சு வருஷமா காத்துகினு இருந்தேன்," என்று தனம் முடிச்சை இறுக்கினாள்.

யாரும் அவனைப் பார்க்கக் கூடாது, எல்லாரும் வரப்பைப் பார்த்து நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார்கள். நான்காம் சுற்றில் பழனிவேல் வலது கையை நிறுத்தினான். செட் நிற்கவில்லை. யூபோனியம் ஒரு பக்கம் போயிற்று, ட்ரம்பெட் ஒரு பக்கம் போயிற்று. கட்டை அவிழ்த்துவிட்டு மறுபடி அடித்தான். நான்காம் சுற்றின் கடைசி வரியில் உள்ளங்கையை வைத்தான். தும், தும், தும், தும். ஏழு பேரும் கத்தியால் வெட்டியது போல ஒன்றாக நின்றார்கள். ஏன் நின்றோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடப்பாவி," என்றார் சக்கரபாணி. "இத்தினி வருஷமா மாஸ்டரு நானா, உன் உள்ளங்கையா?"

சாமிக்கண்ணு இரண்டு நாளில் கையைப் பழக்கிக்கொண்டார். ஆனால் எங்கே வைப்பது என்பதில் தடுமாறினார். இரண்டு வீடு முன்னால் வைத்தார். செட் அங்கேயே நின்றது. அதற்கும் பழனிவேல் வழி பார்த்தான். ஊர்த் தெருவில் கண்ணால் குத்துமதிப்பாகப் பார்க்க வேண்டும். நகரியத்தில் அது வேண்டாம். அங்கே ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அகலம். நடந்து அளந்தான், கேட்டிலிருந்து கேட்டுக்கு இருபது தப்படி. ஊர்வல நடையில் பாட்டின் கடைசி வரி பதினாறு தப்படி. ஆகவே பந்தலுக்கு முந்தின வீட்டுக் கேட்டைத் தாண்டி நான்கு தப்படி போனதும் கடைசி வரி தொடங்க வேண்டும், அதோடு கையும் விழ வேண்டும். அதற்கு முந்தைய வரிகளை மாஸ்டர் நடையைக் கூட்டியோ குறைத்தோ ஒப்பேற்றிவிடுவார்.

"கேட்டு, நாலு தப்படி, கை," என்று சாமிக்கண்ணு வயலில் நடந்தபடியே சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

மாசி ஏழு. பத்தரைக்கு முகூர்த்தம், எட்டரைக்கு மாப்பிள்ளை அழைப்பு. அந்த வாரம் பழனிவேலுக்கு மத்தியான ஷிப்டு. காலையில் சும்மாதான் இருந்தான். சிக்கலே அதுதான். ஏழு மணிக்கே சக்கரபாணி டிரம்மை சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஒரே ஒரு நாள்டா. ரெண்டு மணிக்குத்தான ஷிப்டு? இசக்கிமுத்து சாருக்கு வாக்கு குடுத்தவன் நீ. சாமிக்கண்ணு பதட்டத்துல கேட்ட மறந்துட்டா உன் பேருதான் கெடும்."

"கெடட்டும்ணே. இன்னிக்கு நான் மாட்டினேன்னா அடுத்த முகூர்த்தத்துக்கும் இங்கதான் வந்து நிப்பீங்க. அடுத்த வாரம் எனக்கு ராத்திரி ஷிப்டு, அதுக்கப்பறம் காலை ஷிப்டு. நான் கூட இருக்கற இன்னிக்கே சாமிக்கண்ணு மாமா அடிக்கட்டும். தப்பு வந்தா நான் பாத்து சொல்ல முடியும்."

"கல்லுடா நீ."

"கல்யாணத்துக்கு வருவேன். சட்டை தேச்சி வச்சிருக்கேன்."

வாழைமரம் கட்டிய வாசலில் வெள்ளைச் சட்டையோடு அவன் நிற்பதைப் பார்த்ததும் இசக்கிமுத்துவுக்கு முகம் மாறிவிட்டது.

"வே, நீரு இங்க நிக்கீரு. அங்க டிரம்ம யாரு அடிக்கா?"

"சாமிக்கண்ணு மாமா அடிக்கிறாருங்க."

"அன்னைக்கு அடிச்ச அதே ஆளா! வே, எம் பொண்டாட்டி பேச்சியம்மாள் ஆரத்தியோட நிக்கா. அவளால ஓட முடியாது, சொல்லிட்டேன்."

"ஓட வேண்டியிருக்காதுங்க."

தெருமுனையில் பேண்டு திரும்பியது. பதினான்கு வருஷத்தில் பழனிவேல் அதை முன்னால் நின்று கேட்டதில்லை. டிரம்முக்குப் பின்னால் நடப்பவனுக்கு டிரம்தான் கேட்கும். இப்போது கிளாரினெட் தனியாக வந்தது. சக்கரபாணி இவ்வளவு அழகாக ஊதுவாரா என்று நினைத்தான். உடனே அந்த நினைப்பை விட்டுவிட்டு வீடுகளை எண்ணத் தொடங்கினான்.

மூன்றாம் வீடு. இரண்டாம் வீடு. சாமிக்கண்ணுவின் தலை டிரம்முக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. உதடு அசைந்தது. பந்தலுக்கு முந்தின வீட்டுக் கேட்டைத் தாண்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சத்தம் மாறவில்லை. இன்னும் நீளமாகவே வந்தது. இசக்கிமுத்து அவன் முழங்கையைப் பிடித்தார். ஓடிப்போய்த் தோலில் கை வைத்துவிடலாம், பதினாறு தப்படிதான். பழனிவேல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டான்.

ஐந்து. தும்.

தும், தும், தும். ட்ரம்பெட்காரர்கள் வாத்தியத்தைத் தாழ்த்தினார்கள். யூபோனியம் அடங்கியது. மாப்பிள்ளையின் கார் வாழைமரத்துக்குச் சரியாக ஒரு தப்படி தள்ளி நின்றது. பேச்சியம்மாள் ஒரு தப்படி நடந்து வந்து ஆரத்தி சுற்றினாள். குலவைச் சத்தத்தில் இசக்கிமுத்து பிடித்திருந்த முழங்கையை விட்டதே அவருக்குத் தெரியவில்லை.

சக்கரபாணி வியர்வையைத் துடைத்துக்கொண்டே பழனிவேலிடம் வந்தார்.

"எப்படி?"

"ஒரு தப்படி லேட்டு. அது பழக்கத்துல சரியாயிடும். ஆனா ரெண்டாவது கிளாரினெட்டுக்கு சுருதி எறங்குதுண்ணே. பின்னாலயே நடந்ததுல இத்தினி நாளா எனக்குத் தெரியல."

"செட்ட விட்டுப் போனவனுக்கு வாய் நீளத்தப் பாரு!" என்றார் சக்கரபாணி. "போடா, முதல் பந்தில உக்காந்து சாப்புடு. ரெண்டு மணிக்கு உனக்கு ஷிப்டு."

பந்தலுக்குள் மாப்பிள்ளையை அழைத்துப் போனார்கள். சாமிக்கண்ணு அவன் பக்கம் திரும்பவில்லை. தோள்வாரை ஒரு துளை இறுக்கிக்கொண்டு, மாஸ்டர் வந்து வரிசையில் நின்றதும் அடுத்த பாட்டைத் தொடங்கினார்.