அதிர்ஷ்டத் தகடு

கடைசித் திருகும் கழன்றதும் லாரியின் எண் பொறித்த பித்தளைத் தகடு ஹுய் பெங்கின் உள்ளங்கையில் விழுந்தது. அதன் பின்னால் இரும்பு இல்லை. பலகை இருந்தது, காட்டு மரத்தை அறுத்து இழைத்த பலகை. அவள் விரலால் தட்டிப் பார்த்தாள். மரந்தான். தப்பாகப் பார்க்கிறோமோ என்று டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இன்னொரு தரமும் பார்த்தாள்.

மலேசியாவின் குவா மூசாங்கில் இந்த மாதிரி வண்டிகளைப் பேய் லாரி என்பார்கள். பதிவு கிடையாது, விளக்கு கிடையாது. மலையிலிருந்து மரம் இறக்கினால் போதும். அப்பாவின் பட்டறை மூடிய பிறகு ஒன்று மட்டும் பின்னால் புல்லில் நின்றது. காலையில் எழுந்ததும் அப்பா போய் அதைக் கிளப்பிவிட்டு, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காப்பி குடிப்பார். இப்போது நிலத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை பழைய இரும்புக்காரன் வருகிறான். இரண்டாம் உலகப் போருக்குப் போன வண்டி என்று உறுதியானால் மட்டும் புதிய சதுக்கத்தில் மேடை கட்டி நிறுத்துவதாக ஊர்க் குழுத் தலைவர் மிஸ்டர் ஃபூ சொல்லியிருந்தார். நாளைக் காலையில் அவர் பார்க்க வருகிறார்.

போன வாரமெல்லாம் டயர் கடை வேலை முடிந்து வந்து, சக்கரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பாகமாக அளந்து படம் எடுத்தாள் ஹுய் பெங். தகட்டில் இருந்த எண்ணை இங்கிலாந்தில் பழைய ராணுவ வண்டிகளைப் பற்றி ஆராய்கிற ஒருவருக்கு அனுப்பினாள். பீரங்கி இழுத்த பிரிட்டிஷ் லாரி, போர் முடிந்து மலாயாவுக்கு வந்தது என்று பதில் வந்தது. அன்று இரவு அவளுக்குத் தூக்கமே வரவில்லை. இன்று அவரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: தகடு எதன் மேல் பொருத்தியிருக்கிறது? இரும்பாக இருக்க வேண்டுமே?

முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது. எண் கிடைத்த சந்தோஷத்தில் விட்டுவிட்டாள்.

அப்பா வாசலில் லாரியின் பழைய ஓட்டுநர் பாக் டின்னோடு உட்கார்ந்து லங்சாட் பழம் உரித்துக்கொண்டிருந்தார். தகட்டை அவர்கள் முன்னால் வைத்தாள்.

"இது எங்கேயிருந்துப்பா வந்துச்சு?"

அப்பா பழத்தையே பார்த்தார். பாக் டின் தன் பழைய முதலாளியைப் பார்த்துச் சிரித்தார். "சொல்லிடு தௌகே. விட்டா இந்த அமோய் பொண்ணு உன்னையும் அளந்து படம் எடுத்துரும்."

"முன்னாடி ஒரு லாரி இருந்துச்சு," என்றார் அப்பா. "எத்தனையோ வருஷம் மலையேறுச்சு. ஒரு ஆளைக்கூடச் சாகடிக்கல. அது படுத்ததும் தகட்டைக் கழட்டி அடுத்த லாரிக்குப் போட்டேன். அதுவும் போனதும் இதுக்கு. தகடு இல்லாத லாரில எவன் ஏறுவான்?"

"நான் ஏற மாட்டேன்லா," என்றார் பாக் டின். "ஏறினாலும் வீட்டுல பொண்டாட்டி சோறு போட மாட்டா."

"அப்ப இந்த லாரி?"

"முன்பக்கம் ஒரு பட்டாள லாரியோடது, பின்பக்கம் வேற பட்டாள லாரியோடது. எஞ்சின் ஜப்பான் பஸ்ஸுல கிடந்தது. நடுவுல நான் பத்தவச்சு ஒட்டினேன்."

"இவ்வளவு நாள் ஏன்பா சொல்லல?"

"போருக்குப் போனதுன்னா மேடை கட்டுவாங்க. நான் ஒட்டினதுக்கு எவன் கட்டுவான்?" அப்பா தோலையெல்லாம் கூட்டி அள்ளினார். "திருப்பி மாட்டிடு. நல்லாத்தானே இருந்துச்சு."

மாட்டிவிடலாம். நாலே திருகு. இங்கிலாந்துக்காரரின் பதில் கைவசம் இருக்கிறது. லாரி போய்விட்டால் காலையில் அப்பா எங்கே போய் உட்காருவார்? இரவு படுத்தபடியே யோசித்தாள். உண்மையைச் சொல்லி லாரியை இழப்பது நேர்மையா, இல்லை தன் அளவுகள் சரியாக இருக்க வேண்டுமென்ற பிடிவாதமா என்று அவளுக்கே புரியவில்லை. ஆனால் அந்த மேடையில் அப்பாவின் பெயரே இருக்காது என்பது மட்டும் உறுத்தியது.

காலையில் மிஸ்டர் ஃபூ வெள்ளைச் சட்டையில் வந்தார். தகடு மட்கார்டின் மேல் தனியாகக் கிடந்தது. ஹுய் பெங் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப இது எந்த நாட்டு லாரிம்மா?"

"இந்த ஊர் லாரி சார். இந்தப் பட்டறையிலதான் பொறந்துச்சு."

"போருக்கே போகலையா?"

"போகாம என்ன?" என்றார் பாக் டின். "மலையில மழையோட நான் போட்டது போர் இல்லையா?"

ஃபூ சிரிக்கவில்லை. லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "ரெண்டு வண்டிய ஒட்டினதுன்னா ஒட்டு எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அந்த இடத்தை ஹுய் பெங்கும் தேடியிருந்தாள்; அளவு மாறுவது தெரிந்ததே தவிர, எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அதுவரை தள்ளி நின்ற அப்பா உள்ளே போய்க் கம்பிப் பிரஷ்ஷோடு வந்தார். புல்லில் மல்லாந்து லாரிக்கு அடியில் நகர்ந்தார். சேறு உதிர்ந்தது. பச்சைப் பெயின்ட் போனது, அதன் கீழே சிவப்பு போனது. வெள்ளி நிறத்தில் பத்தவைத்த தழும்பு ஒன்று, மீன் செதில் மாதிரி வரிசை தப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

மிஸ்டர் ஃபூ குனிந்து பார்த்தார். பிறகு வெள்ளைச் சட்டையோடு ஈரப்புல்லில் முட்டி போட்டு, போன் விளக்கை உள்ளே நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் தேய்ங்க அங்கிள்," என்றார். "அந்தப் பக்கமும்."

பிரஷ் சத்தம் மறுபடி கேட்டது. விளக்கு அதைத் தொடர்ந்து நகர்ந்தது.