பல இடங்களில்

ஊரில் நடக்கும் கெட்டதெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் வெளியே போகும். டிவியில் படத்துக்குக் கீழே எழுத்து ஓடுகிறதே, அதை அடிக்கிற வேலை அவளுக்கு. ஆபீசில் அவள் பெயரே ஸ்க்ரோல் அக்கா. வெட்டு, குத்து, தீ, திருட்டு என்று காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரைக்கும் இதே பாராயணம். வீட்டுக்கு வந்தால் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள், ஒரு சங்கிலி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவளோ பேய்களைப் பட்டியல் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள், அரளாமல் என்ன செய்வாள்?

அன்றைக்குக் காலையில் ஒரு செய்தி வந்தது. ஏதோ ஒரு தெருவில் ஒருத்தன் சட்டையெல்லாம் சிவப்புச் சாயத்தைப் பூசிக்கொண்டு, விபத்து, காப்பாற்றுங்கள் என்று கதவைத் தட்டியிருக்கிறான். பாவம் பார்த்துத் திறந்த வீட்டில் நகையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். நடந்தது ஒரே ஒரு வீட்டில். ஷிப்ட் இன்சார்ஜ் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு எடத்துல நடந்ததை எவன் பாப்பான்? பல இடங்களில்னு போடுங்கக்கா."

போட்டாள். அதோடு விட்டாளா? வரி குட்டையாக இருக்கிறதே என்று, 'தெரிந்தவர்களை முன்னால் நிறுத்தியும் தட்டுகிறார்கள், உஷார்' என்று தன் கைச்சரக்கையும் சேர்த்தாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டு மணியிலிருந்து அது ஓடு ஓடென்று ஓடியது.

சாயங்காலம் நாலரை மணி. பத்து வயது மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவு தடதடவென்று அதிர்ந்தது.

கதவிலிருந்த துளை வழியாகப் பார்த்தாள். முன்பின் பார்த்திராத ஆள். சட்டை முழுக்க ரத்தம்.

"அம்மா, திறங்கம்மா! என் பொண்டாட்டி படியில விழுந்துட்டா, தலையில அடி! மேல் மாடிக்கு நாலு நாள் முன்னாடிதான் குடி வந்தோம்மா!"

காலையில் அடித்த வரி அப்படியே எழுந்து வந்து வாசலில் நிற்கிறது.

"யாரும்மா?" என்றாள் மகள்.

"யாருமில்ல. நீ கணக்கைப் போடு."

அவன் எதிர்வீட்டைத் தட்டினான். பக்கத்து வீட்டைத் தட்டினான். கீழ் மாடிக்கு ஓடி அங்கேயும் தட்டினான். ஒரு கதவும் திறக்கவில்லை. தாழ்ப்பாள்கள் விழும் சத்தம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டது. யார் வீட்டிலோ டிவியைச் சட்டென்று குறைத்தார்கள்.

அந்த வரியில் எவ்வளவு பொய் என்று இந்தக் கட்டடத்தில் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். தெரிந்து என்ன பிரயோஜனம்? கை தாழ்ப்பாள் பக்கம் போகமாட்டேன் என்கிறது. அந்த ஒருத்தன் இவனாகவே இருந்துவிட்டால்? உள்ளே பிள்ளை இருக்கிறாளே!

அப்போது படிப்பக்கமிருந்து ஒரு பெண்ணின் முனகல் வந்தது. முனகலைக்கூட நடிக்கலாம் என்று மனசு சொல்லத்தான் செய்தது. சங்கிலியை எடுக்காமல் ஒரு விரற்கடை திறந்தாள். படித் திருப்பத்தில் செருப்பில்லாத ஒரு கால் கிடந்தது. அதன் பெருவிரல் துடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழ்ப்படியில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மாடி, இது சாயமில்லை.

மகளைக் கூப்பிட்டு, "நான் போனதும் எல்லாத்தையும் போட்டுக்கோ. யார் கூப்பிட்டாலும் திறக்காதே. ரத்தத்தோட வந்தா திறக்கவே திறக்காதே" என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டை உருவிக்கொண்டு வெளியே போனாள். முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தப் பெண்ணின் தலைக் காயத்தில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். பத்து நிமிடத்தில் வரும், ஆனால் வண்டியில் டிரைவர் ஒருத்தர்தான், கீழே இறக்கி வையுங்கள் என்றார்கள். லிஃப்ட் இரண்டு வாரமாகப் படுத்த படுக்கை. மூன்று மாடி இறக்க வேண்டும். ஒருத்தனும் ஒருத்தியுமாகத் தூக்கி ஆகிற காரியமா? துண்டு அதற்குள் நனைந்துவிட்டது. அதை அந்தப் பெண்ணின் புருஷன் கையில் கொடுத்துவிட்டு எதிர்வீட்டைத் தட்டினாள்.

"சார், நான்தான் சார், எதிர்வீடு!"

பேங்க்காரர் குரல் உள்ளிருந்து நடுங்கியது. "தெரியுதும்மா. ஆனா தெரிஞ்சவங்களை முன்னால நிறுத்தித்தான் தட்டுவாங்களாம். காலையிலேருந்து டிவில போடறான். தப்பா நினைக்காதீங்க."

தன் வினை தன்னைச் சுடும் என்றால் இவ்வளவு சீக்கிரமாகவா? என்ன வேலை என்று யார் கேட்டாலும் ஆபீஸ் வேலை என்று இத்தனை வருஷமாக மழுப்பியவள், நடுப்படியில் நின்று கத்தினாள்.

"அதை எழுதினதே நான்தான் சார்! டிவில கீழ ஓடற எழுத்து என் வேலை. நடந்தது ஒரே வீட்டுல. பல இடம்னு மாத்தினது நான். தெரிஞ்சவங்களை நிறுத்துவாங்கன்னு ஒருத்தரும் சொல்லல, நானா சேத்தேன். பொய்! எல்லாருக்கும் கேக்குதா? பொய்! இங்க ஒரு உசிரு போகுது, வாங்களேன்!"

அவமானத்தில் காது சூடேறியது. பிறகு எதிர்வீட்டுச் சங்கிலி உரசியது. பேங்க்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தார். கீழ் மாடித் தையல்கார அம்மா போர்வையோடு ஏறி வந்து, "அடிப்பாவி, உன்னை அப்புறம் பேசிக்கறேன்" என்று திட்டிக்கொண்டே நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தாள். நாலு பேருமாக மூச்சு வாங்க இறக்கினார்கள். வண்டிக் கதவு சாத்தும்போது அந்தப் பெண்ணின் கண் மூடியே இருந்தது.

மேலே வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டினாள். புடவை, கை, கன்னம், எல்லாம் ரத்தம். உள்ளே காலடிச் சத்தம் வந்து நின்றது. துளை இருண்டது.

"அம்மாதான்டி, திற."

தாழ்ப்பாள் அசையவில்லை. சொல்லிக் கொடுத்ததைத்தானே செய்கிறாள் பிள்ளை, அவளை என்ன குறை சொல்வது?

"நீ கத்தினது கேட்டுச்சு" என்றது கதவுக்குள்ளிருந்து குரல். "பொய்யா எழுதினியாம்மா?"

"ஆமா கண்ணு."

மேல் தாழ்ப்பாள் விலகியது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழ்த் தாழ்ப்பாளும் விலகியது. சங்கிலி மட்டும் அப்படியே இருக்க, இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"அந்த அக்கா பொழைச்சுக்குவாங்களா?"

பிழைத்துவிடுவாள் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள்.

"தெரியலடி. நெஜமா எனக்குத் தெரியல."

மகள் சங்கிலியைக் கழற்றினாள்.